நாலாவது ஓட்டை

பல் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

கீழ்த்தாடைப் பல் செட் நிற்காது. இதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். மேல் செட்டுக்கு அண்ணம் இருக்கிறது. எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே என்ன இருக்கிறது? நடுவில் நாக்கு. அது சும்மா இருக்காது. பல் எல்லாம் போய்ப் பல வருஷம் ஆனவர்களுக்கு ஈறு தேய்ந்து, மழையில் கரைந்த வரப்பு மாதிரி ஆகிவிடும். அதன் மேல்தான் நாம் ஒரு லாடத்தைச் செய்து வைக்கிறோம். நின்றால் அதிர்ஷ்டம்.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

நான் தர்மபுரியில் லேப் வைத்திருந்தேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. கண் மங்கியதும் நிறுத்திவிட்டேன். இப்போது நல்லம்பள்ளியில் வீட்டோடு இருக்கிறேன். உங்கள் அனுபவத்தில் நல்ல வேலை ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்று லேப் சங்கத்தில் கேட்டார்கள். நல்ல வேலையைப் படித்து யாருக்கு என்ன பயன்? நான் கெடுத்த வேலை ஒன்றை எழுதுகிறேன். கெடுத்தது என் கை இல்லை. கை நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது பொறாமை.

முதலில் சிவப்பு நூல் பற்றிச் சொல்ல வேண்டும். செட் செய்யும் ஈறு நிறத்துப் பவுடரில் மெல்லிய சிவப்பு நூல் துணுக்குகள் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். ஈறில் நரம்பு ஓடுவது போலத் தெரிய அது. நான் வேலை கற்றது சேலத்தில். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கற்றுக்கொடுக்கவில்லை. பவுடரும் லிக்விடும் கலக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டால், "கண்ணு இருக்குதில்ல, பாரு" என்பார். பார்க்கத்தான் அந்த முதுகு விடாது. அவர் வழித்துக் குப்பை டின்னில் போட்டதை எடுத்து, விரலில் நசுக்கி நசுக்கித்தான் பதம் படித்தேன். நாலு வருஷம்.

அவர் செய்யும் ஒவ்வொரு கீழ் செட்டிலும், நாக்குப் பக்கம், முன்பல்லுக்குப் பின்னால், மூன்று நூல் வரிசையாக நிற்கும். தானாக விழுந்தது இல்லை. ஊசி முனையால் எடுத்து வைப்பார். கண்டுபிடித்துக் கேட்டேன். சிரிக்கவில்லை.

"டாக்டரு பேரு போர்டுல இருக்குது. நம்ம பேரு எங்க இருக்குது?" என்றார்.

நான் வேலையை விட்டுத் தர்மபுரிக்குக் கிளம்பிய அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "என் மூணு கோட்டை எடுக்காத. உனக்குன்னு வேற ஒண்ணு வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன். இரண்டு நூல், குறுக்காக. பெருக்கல் குறி மாதிரி. வலது பக்கம், முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு படும் இடம். நோயாளிக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஒரு செட்டில்கூட விட்டதில்லை.

இனி மாதையன்.

மாதையன் அரூரில் ஒரு மண்டியில் ஏலம் கூறுபவர். மஞ்சள், புளி. ஆளைவிடக் குரல் பெரியது. பல் ஒன்றுகூட இல்லை. நான் வேலை செய்துகொடுத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் வந்தார். அளவு எடுத்து எனக்கு அனுப்பினார்கள். மேல் செட் முதல் முறையே நின்றது. கீழ் செட் மூன்று முறை செய்தேன். மூன்றும் நல்ல செட். வாய் அளவுக்கு வார்த்த அச்சுக் கல்லில் வைத்தால் மயிரிழை இடைவெளி இல்லை. வாயில் வைத்தால் பேசுகிற அளவுக்கு நிற்கும். ஏலம் கூவ வாயை அகலத் திறந்தால் கிளம்பிவிடும். நாக்கால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கூவினார். எண் எல்லாம் குழைந்தது. அறுபதுக்கும் எழுபதுக்கும் வித்தியாசம் தெரியாத ஏலத்தை எந்த வியாபாரி நம்புவான்?

மூன்றாவது செட் எனக்குத் திரும்பி வந்தபோது மஞ்சளாக இருந்தது. டாக்டரம்மா போனில் விவரம் சொன்னார். கூவும்போது செட் தெறித்து மஞ்சள் குவியலில் விழுந்திருக்கிறது. மண்டியே சிரித்திருக்கிறது. ஒரு வியாபாரி அதைக் கையில் எடுத்து, "மாதையா, இந்த லாட்டுக்கு என்னா ரேட்டு?" என்று கேட்டிருக்கிறான். இன்னொருவன் அதற்கும் மேலே கேட்டிருக்கிறான். மாதையன் பொக்கை வாயோடு நின்றிருக்கிறார்.

மண்டிக்காரர் அன்றே சொல்லிவிட்டாராம்: புது மஞ்சள் வரும் முதல் திங்கட்கிழமை வரை பார்ப்பேன், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளை நிறுத்துவேன் என்று. மாதையனுக்கு வேறு தொழில் தெரியாது. நிலமும் இல்லை.

நான் அந்தச் செட்டை மூன்று நாள் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். லேபுக்கே வந்தார். வழக்கமாக வரமாட்டார். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை மேஜை மேல் வைத்தார். உள்ளே ஒரு ஸ்குரூ. தீக்குச்சி கனம். தலையில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய குண்டு.

"அண்ணா, இது மாதிரி நாலு. கீழ்த்தாடையில முன்பக்கம் எலும்புல எறக்கிட்டா குண்டு மட்டும் ஈறுக்கு மேல நிக்கும். செட்டுக்குள்ள நாலு தொப்பி. தொப்பிக்குள்ள ரப்பர் வளையம். தொப்பி குண்டு மேல டக்குனு உக்காந்துக்கும். அப்புறம் உங்க செட்டு அசையவே அசையாது."

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. முப்பது வருஷம் நான் ஈறின் ஒவ்வொரு மேட்டையும் தடவித் தடவிச் செய்தது நிற்கவில்லை. நாலு ஆணி நிறுத்திவிடும். அப்படியென்றால் நான் எதற்கு? எவன் செய்த லாடமும் நிற்குமே.

"சேலத்துல ஒருத்தரு இதுக்குன்னே கோர்ஸ் படிச்சிருக்காரு. சின்ன வயசுதான். நல்லா செய்யறாராம்" என்றார். "நீங்க இதுவரைக்கும் செஞ்சதில்லைன்னா சொல்லுங்க, ஒண்ணும் இல்ல. அவருகிட்டக் குடுத்துடலாம்."

அந்தச் சேலத்துக்காரனை நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் அவனைப் பிடிக்காமல் போனது. ஏற்கெனவே இரண்டு கிளினிக் வேலை அவனிடம் போய்விட்டிருந்தது. சேலத்திலிருந்து வரும் வழியில் தொப்பூர் கணவாயில் டிராபிக் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். அவன் பார்சல் வர நேரமாகும். அசிங்கம்தான். ஆனால் உண்மை.

"செஞ்சிருக்கேங்க" என்றேன்.

செய்ததில்லை.

பொய் சொன்னவன் யாரையாவது கேட்டாவது தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை. டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அதிலேயே எல்லாம் இருந்தது. செட்டின் அடியில் நாலு குழி வெட்ட வேண்டும். ஸ்குரூவின் குண்டு மேல் தொப்பியை மாட்டி, குழிக்குள் பவுடர் மாவை வைத்து, செட்டை வாயில் உட்காரவைத்தால் மாவு இறுகித் தொப்பியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் செட்டைக் கழற்றினால் தொப்பி செட்டோடு வந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் மாவு கூடினால் எங்கேயாவது போக வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு குழியிலிருந்தும் நாக்குப் பக்கமாக ஒரு சின்ன ஓட்டை. கூடுதல் மாவு அந்த வழியே வெளியே வந்துவிடும். ஓட்டை இல்லாவிட்டால் அது கீழே போகும். குண்டுக்கு அடியில், ஸ்குரூவின் கழுத்தைச் சுற்றி இறுகும். அப்புறம் செட் வராது. படத்தில் அம்புக்குறி போட்டு இரண்டு முறை கோடிட்டிருந்தார்.

மாதையனுக்கு நாலாவது செட் செய்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல செட் செய்ததில்லை. ஆணியே இல்லாமல் நின்றுவிட வேண்டும் என்று செய்தேன். சேலத்துக்காரன் பார்த்தால் வாயடைத்துப் போக வேண்டும் என்று செய்தேன். வலது முன்பக்கம் ஊசி முனையால் என் இரண்டு நூலைக் குறுக்காக வைத்தேன்.

குழி நாலு வெட்டினேன். ஓட்டை மூன்று போட்டேன். நாலாவது ஓட்டைக்குப் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளி நேராக என் நூல் மேல் விழுந்தது.

ஓட்டை போடும் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆணி அவர்களுடையது. தொப்பி அவர்களுடையது. பேர் டாக்டரம்மாவுடையது. இதில் என்னுடையது அந்த இரண்டு நூல். அதையும் ஓட்டை போட்டு எடுக்க வேண்டுமா?

பென்சில் புள்ளியை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். அந்தக் குழிக்கு மட்டும் மாவைக் குறைத்து வைத்தால் போயிற்று என்று முடிவு செய்தேன்.

மண்டிக்காரர் வைத்த கெடுவுக்கு முந்தைய சனிக்கிழமை. காலையில் டாக்டரம்மா நாலு ஸ்குரூவும் இறக்கிவிட்டார். ஸ்குரூ இறுக்கமாக நிற்கிறது, இன்றைக்கே தொப்பி மாட்டிவிடலாம் என்று என்னையும் வரச் சொன்னார். மாவு கலந்து குழியில் வைக்க என் கை வேண்டும் என்றார். அது அவர் எனக்குக் கொடுத்த மரியாதை. மதியத்துக்கு மேல் போனேன். நாற்காலியில் மாதையன். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி பச்சியம்மாள், மடியில் பை.

"எல்லாக் குழிக்கும் ஓட்டை போட்டாச்சுல்ல அண்ணா?"

"போட்டாச்சுங்க."

திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார். அதே நேரம் மாதையன் இருமினார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். நான் செட்டைக் கொடுக்காமல் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டேன். அவர் திரும்ப வந்து ஸ்குரூ ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்ன ரப்பர் துண்டு ஒன்றைப் போட்டார். மாவு கீழே இறங்காமல் இருக்க அது. மேலே தொப்பிகளை மாட்டினார். நான் மாவு கலந்தேன்.

மூன்று குழிக்கு நிறைய வைத்தேன். நாலாவதற்குக் குறைவாக வைத்தேன். பிறகு பயம் வந்தது. குறைவாக வைத்து அந்தத் தொப்பி மட்டும் பிடிக்காமல் போனால்? மறுபடி சேலம் என்பார்களே. இன்னும் ஒரு சொட்டு விட்டேன்.

அந்தச் சொட்டுதான்.

செட்டை வைத்து மெல்லக் கடிக்கச் சொன்னார். காத்திருந்தோம். மாவு சூடாகி இறுகியது. டாக்டரம்மா இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினார். இடது பக்கம் டக். நடுவில் டக், டக். வலது பக்கம் சத்தம் வரவில்லை.

மறுபடி தூக்கினார். மாதையன் "ம்ம்" என்றார்.

மூன்றாவது முறை தூக்கியபோது நாற்காலியின் கைப்பிடியை மாதையன் பிடித்த பிடியைப் பார்த்தேன்.

"என்னாங்க டாக்டரம்மா, கழட்ட வரலீங்களா?" என்றார் பச்சியம்மாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா."

"கழலக் கூடாதுன்னுதானே நாலு வருஷமா அலையறோம். இப்ப கழலலைன்னு நீங்க எதுக்கு முழிக்கிறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்கும் அப்போதுதான் புரிந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

டாக்டரம்மா முகத்தில் மாஸ்க். கண் மட்டும் தெரிந்தது. "ரப்பர் நகந்துடுச்சு போல. நான் சரியா வெக்கல. என் தப்பு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நான் பேசவில்லை. இதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். டாக்டரம்மா என் தப்பைத் தன் தப்பு என்றார். நான் பேசவில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. எனக்குள் ஒரு மூலையில், பார், உன் ஆணியின் லட்சணம், என்று ஒரு குரல் கேட்டது. மாதையன் நாற்காலியில் கிடக்கிறார். எனக்கு அப்படி ஒரு நினைப்பு.

டாக்டரம்மா பலமான இடுக்கி ஒன்றைக் கையில் எடுத்தார். இழுத்துப் பார்க்கப்போகிறார். ஸ்குரூ காலையில்தான் இறங்கியது. எலும்பு இன்னும் வளர்ந்து அதோடு கூடவில்லை. பலமாக இழுத்தால் செட்டோடு ஸ்குரூவும் வந்துவிடும். எலும்பு பிளந்தால் மறுபடி அங்கே ஒன்றும் நிற்காது. பிறகு மனசை மாற்றிக்கொண்டு இடுக்கியை வைத்துவிட்டு மிஷினை எடுத்தார். வெட்டலாம் என்று.

"நாலாவது ஓட்டை எங்கண்ணா? மாவு மூடிக்கிச்சா? தெரியலையே. அந்த வழியாத்தான் உள்ள போகணும்" என்று கண்ணாடியைச் சாய்த்துத் தேடினார். ஓட்டை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, இல்லாத ஓட்டையைத் தேடுகிறார். மூன்றாவது ஓட்டையின் பக்கத்தில் மாவு லேசாகப் பிதுங்கியிருந்தது. "இதுதான் போல" என்று மிஷினின் வெட்டு முனையை அங்கே வைத்தார். அது இடம் இல்லை. அங்கே வெட்டினால் நன்றாக இருக்கும் தொப்பியும் போகும், ஈறும் கிழியும்.

வாய்க்குள் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. இருந்திருந்தால் ஒன்றும் பேசாமல் நானே வெட்டி எடுத்திருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. வாயைத் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மிஷின் சுற்ற ஆரம்பித்தது.

"நிறுத்துங்க" என்றேன். "நாலாவது ஓட்டை இல்லீங்க."

"இல்லன்னா?"

"நான் போடல."

மிஷின் நின்றது. மாதையன் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். பச்சியம்மாளும் பார்த்தார்.

"போட்டாச்சுன்னீங்களே?"

"பொய்ங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன். இப்ப இழுக்க வேணாம். வலது முன்பல்லுக்குப் பின்னால, நாக்குப் பக்கம் பாருங்க. சிவப்பு நூல் ரெண்டு குறுக்கா தெரியுதுங்களா?"

கண்ணாடியைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரியுது."

"ரெண்டும் வெட்டிக்கிற எடம் இருக்குதுங்களே, அதுக்கு நேர் உள்ளதான் குண்டு. ரொம்ப ஆழம் வேணாம், அரிசி கனத்துக்குத்தான் அங்க செட்டு. மெதுவா போங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா நிறுத்துங்க, அது நான் புதுசா வெச்ச மாவு. அதுலருந்து கீழ எறங்குங்க."

"இந்த நூல் என்னது?"

"என் பேருங்க."

மிஷின் சுற்றியது. ஈறு நிறத்தில் தூள் வந்தது. நடுவில் ஒரு தடவை அதில் சிவப்பாக ஏதோ வந்த மாதிரி இருந்தது. பிறகு வெள்ளைத் தூள். நான் பின்னால் நின்று கனம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும். கீழே. போதும். அந்தச் செட்டின் ஒவ்வொரு இடத்துக் கனமும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அது ஒன்றுதான் உதவியது.

விரல் கொடுத்துத் தூக்கினார். டக்.

செட் கையில் வந்தது. இடுக்கி முனையால் நாலாவது ஸ்குரூவைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகுதான் மூச்சு விட்டார்.

மாதையன் எழுந்து உட்கார்ந்து துப்பினார். "கழண்டுச்சா?" என்றார்.

"கழண்டுச்சுங்க."

"அப்ப மறுபடி மாட்டுங்க. திங்கக்கெழம ஏலம்."

நாலாவது தொப்பியை மறுபடி பிடிக்க வைக்க வேண்டியிருந்தது. நான் மாவுக் கிண்ணத்தை எடுக்கப் போனேன். "நான் பாத்துக்கறேண்ணா" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. சுவரோரம் நின்றேன். ஓட்டைதான் இப்போது இருக்கிறதே. மாவு அந்த வழியே அழகாக வெளியே வந்தது. செட் ஒழுங்காகக் கழன்றது. ஓட்டையை அவரே மூடினார். அவரே தேய்த்தார்.

மாட்டியதும், "கூவுங்க பாக்கலாம் ஏலம்" என்றார்.

மாதையன் வெட்கப்பட்டார். பச்சியம்மாள், "மண்டியில அந்தக் கத்து கத்துற மனுசன், இங்க என்னா பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒக்காந்துகினு" என்றார். மாதையன் தொண்டையைச் செருமினார். கூவினார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! யாருங்க மேல? ரெண்டு தரம்! மூணு தரம்!"

வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். செட் அசையவில்லை. பச்சியம்மாள் டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். நான் என் கிண்ணத்தைக் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு டாக்டரம்மாவிடம் காரணம் சொன்னேன். சேலம், மூன்று கோடு, இரண்டு நூல், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணா, நூலை வேற எடத்துல வெச்சிருக்கலாமே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷம் ஒரே இடத்தில் வைத்துப் பழகியவனுக்கு இன்னொரு இடம் இருப்பது தெரியவில்லை.

அடுத்த இரண்டு ஸ்குரூ வேலையை அவர் சேலத்துக்கு அனுப்பினார். நியாயம்தான். நான் அவராக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். இருந்தும் அந்தப் பார்சல் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தச் சேலத்துக்காரனுக்கு நானே போன் செய்தேன். நம்பர் வாங்கவே கூச்சமாக இருந்தது. எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். முதுகைத் திருப்புவான் என்று எதிர்பார்த்தேன். அரை மணி நேரம் பேசினான். எந்த இடத்தில் மாவு குறைக்க வேண்டும், ஓட்டை எவ்வளவு அகலம், அவன் கெடுத்த இரண்டு வேலை, எல்லாம். கடைசியில், "அண்ணே, உங்க கீழ் செட்டு ஒண்ணு எங்கிட்ட ரிப்பேருக்கு வந்துச்சு. ரெண்டு நூல் குறுக்கா இருந்துச்சு. நீங்கதான்னு விசாரிச்சேன். வேலைன்னா அது வேலைண்ணே" என்றான்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு டாக்டரம்மா எனக்கும் அந்த வேலை கொடுத்தார். நிறுத்தும்வரை செய்தேன். நாலு குழிக்கு நாலு ஓட்டை. நூலைப் பின்பல் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

உங்களுக்கும் பொறாமை வரும். வராது என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். வாயில் நிற்பது நம் வேலை, பேர் இன்னொருவருக்கு. புதிதாக ஒரு சாமான் வரும், அதோடு ஒரு ஆளும் வருவான். வயிறு எரியும். எரியட்டும். ஆனால் முதலில் ஓட்டையைப் போடுங்கள். போட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பொறாமைப்படுங்கள். ஓட்டை போடாமல் விட்டுவிட்டால் சொல்லுங்கள். மிஷின் சுற்றும் முன்பே சொல்லுங்கள். நான் சுற்றிய பிறகுதான் சொன்னேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தத் திங்கட்கிழமை நான் அரூர் போனேன். யாரும் கூப்பிடவில்லை. லேபைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டிக்கு வெளியிலேயே குரல் கேட்டது. எண் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. உள்ளே மஞ்சள் குவியல்களுக்கு நடுவே மாதையன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குவியலுக்குக் குவியல் தாவிக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வேறு ஆள் யாரும் நிற்கவில்லை. நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்.

இடைவேளையில் ஒரு வியாபாரி, "மாதையா, இன்னிக்கி உன் பல்லு ஏலத்துக்கு வராதா?" என்று கேட்டான்.

"வராதுடா. தர்மபுரி டாக்டரம்மா நாலு ஸ்குரூ அடிச்சு வுட்டிருக்காங்க. எங்க, இழு பாக்கலாம்" என்று வாயைத் திறந்து காட்டினார். அப்படிக் காட்டித் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிப்பது தெரிந்தது.

மஞ்சள் குவியலில் விழுந்தது வரை மூன்று செட்டும் நான் செய்தது என்று அவருக்குத் தெரியாது. நாலாவதும் நான் செய்தது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

"ஏங்க," என்றார் சத்தமாக, அந்த ஏலக் குரலிலேயே. "ஓட்ட போடாத ஆளு நீங்கதானுங்களே?"

மண்டி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷத்தில் ஒரு நோயாளி என்னை அடையாளம் கண்டது அன்றைக்குத்தான்.

"ஆமாங்க" என்றேன்.

"அட, வாங்க வாங்க. இவருதான்டா அன்னிக்கி நிறுத்துங்கன்னு சொன்னாரு. இல்லாட்டி என் தாட கிழிஞ்சிருக்கும். டீ சாப்பிடுங்க" என்று தோளைத் தட்டினார். பிறகு, "பாருங்க, எப்படி நிக்குதுன்னு" என்று எனக்காக இன்னொரு முறை வாயை அகலத் திறந்தார்.

குனிந்து பார்த்தேன். நாக்கைத் தூக்கினார். வலது முன்பல்லுக்குப் பின்னால், என் நூல் இருந்த இடத்தைத் தேடினேன். நூலும் இல்லை, ஓட்டை போட்ட தடமும் இல்லை. ஈறு நிறம், வழவழவென்று. டாக்டரம்மா நன்றாகவே தேய்த்து மெருகேற்றியிருந்தார்.

அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.